பதினைந்து குத்து

அம்மை குத்த ஆள் வருகிறது என்றால், 1960-களில் பல ஊர்களில் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. இந்தியாவில் அப்போது புழங்கிய கருவி ஒரு சுழல்கத்தி: சிறு தண்டின் நுனியில் முள் பதித்த வட்டத் தகடு. கையில் மருந்துச் சொட்டை விட்டு, அதன்மேல் தகட்டை அழுத்தித் திருகுவார்கள். தோல் கிழியும், பல பேருக்குப் புண் பழுத்துக் காய்ச்சலும் கண்டது. பெரியம்மைக்கு எதிரான மருந்து கைவசம் இருந்தும், கையை நீட்டத்தான் ஆளில்லை.

அமெரிக்காவின் வயத் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த நுண்ணுயிரியலாளர் பெஞ்சமின் ரூபின் ஒரு தையல் எந்திர ஊசியை எடுத்து, அதன் காதைத் தேய்த்துத் திறந்துவிட்டார். கவட்டை போல இரண்டு முனை கிடைத்தது. மருந்தில் தொட்டு எடுத்தால் அந்த இரு முனைகளுக்கு நடுவே வேண்டிய அளவு துளி தானாக நிற்கும். தோலுக்குச் செங்குத்தாகப் பிடித்து, 5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் மளமளவென 15 குத்து. இரத்தம் லேசாகக் கசிந்தால் சரியாகப் பட்டுவிட்டது என்று பொருள். அவ்வளவுதான் வேலை.

25 பேருக்குப் போட்ட மருந்து இப்போது 100 பேருக்குக் கண்டது. ஊசியின் விலையோ அற்பம். கொதிநீரில் போட்டெடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனத்திடம் வயத் உரிமத்தொகை வாங்கவில்லை. அந்த முடிவையும் மருந்துக்கு நிகரான கொடையாகவே நான் மதிக்கிறேன். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் கால்மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொள்ள முடிந்தது. மருத்துவர் எட்டாத குக்கிராமங்களுக்கு உள்ளூர்க்காரர்களே ஊசியோடு நடந்து போனார்கள்.

ஊரில் எல்லாருக்கும் குத்திக்கொண்டிருக்காமல், நோயாளியைத் தேடிப் பிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு முதலில் குத்துவது என்ற உத்தியும் சேர்ந்தது. அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி விசாரித்தார்கள். தகவல் சொன்னவருக்குப் பணப் பரிசு. 1974-இல் பீகாரைச் சூறையாடிய நோய், மறு ஆண்டே அடங்கியது. 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்ட சைபான் பீபிதான் இந்தியாவின் கடைசி நோயாளி. அவருக்கும் தொற்று வங்கதேசத்தில் ஏற்பட்டதே.

உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர், சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின். ஆண்டு 1977. மருத்துவமனையிலேயே வேலை பார்த்தும் அவர் தடுப்பூசிக்குத் தப்பியிருந்தார். குத்தினால் வலிக்குமே என்று பயந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். நோயிலிருந்து பிழைத்த மாலின், போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கத் தயங்கிய பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 2013-இல் மலேரியா கண்டு இறக்கும்வரை அந்தப் பணியை அவர் விடவில்லை.