'ஆன்' எப்போது 'மேல்', எப்போது இல்லை

'ஃபேனை ஆன் பண்ணு' என்று சொல்லாத தமிழ் வீடு பினாங்குப் பெருநிலத்தில் உள்ள மாக் மண்டினிலும் இருக்காது, மதுரையிலும் இருக்காது. எனக்கு ஆங்கிலம் வராதுப்பா என்று சொல்லும் பாட்டிகூட அந்தச் சொல்லைத் தயங்காமல் புழங்குகிறார். பேரப்பிள்ளை அதே 'ஆன்' சொல்லை ஆங்கிலக் கட்டுரையில் வைக்கும்போதுதான் சிவப்பு மை விழுகிறது. போட வேண்டிய இடத்தில் போடுவதில்லை, வேண்டாத இடத்தில் போட்டுவிடுகிறது.

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. மாக் மண்டின் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒன்றாகச் சுமக்கிறது. முதல் இரண்டு மொழிகளும் இடத்தைச் சொல்லப் பெரும்பாலும் ஒரே கருவியை வைத்துச் சமாளிக்கின்றன. தமிழில் அது 'இல்': வீட்டில், சுவரில், பள்ளியில். மலாயில் 'டி': டி ரூமா, டி டிண்டிங், டி செகோலா. ஆங்கிலமோ அந்த ஒரு வேலையை 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று பேருக்குப் பங்கு போட்டிருக்கிறது. வீட்டுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. மூவரில் 'ஆன்' ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் வந்து போகும்.

'ஆன் என்றால் மேல்' என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேசைமேல் புத்தகம் என்றவுடன் 'ஆன் த டேபிள்' சரியாகப் பொருந்திவிடும். அங்கேயே நம்பிக்கை வந்துவிடுகிறது, தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. சுவரில் தொங்கும் நாள்காட்டி எதற்கும் மேலே இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆன் த வால்'. உட்கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லி கூரைக்குக் கீழே அல்லவா இருக்கிறது? அதுவும் 'ஆன் த சீலிங்'. விரலில் மோதிரம் 'ஆன் மை ஃபிங்கர்', காலில் செருப்பு இருந்தால் 'ஆன் மை ஃபீட்'. இதற்கு நேர்மாறாக, நம் தலைக்கு மேலே விமானம் பறந்தால் தமிழில் 'மேல்' இருக்கிறது, ஆங்கிலத்தில் 'ஆன்' இல்லை. 'ஓவர்' அல்லது 'அபவ்' என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, 'மேல்' உயரத்தைச் சொல்கிறது, 'ஆன்' தொடுதலைச் சொல்கிறது. ஒரு பொருள் இன்னொன்றின் பரப்பைத் தொட்டுக்கொண்டு, அதன் பிடிப்பில் இருந்தால் 'ஆன்'. மேலே, கீழே, பக்கத்தில் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் இடம் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 1985இல் திறந்த பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் ஓடும் கார் 'ஆன் த பிரிட்ஜ்'. அதற்கு மேலே பறக்கும் கழுகு 'ஓவர் த பிரிட்ஜ்'. 'இன் த வால்' என்பதும் தவறான ஆங்கிலம் அல்ல. ஆனால் அது சுவருக்குள் புதைத்த தண்ணீர்க் குழாயைச் சொல்லும், நாள்காட்டியைச் சொல்லாது.

பரப்பைத் தொடுவது போலவே கோட்டைத் தொடுவதும் 'ஆன்' தான். கடற்கரை ஒரு கோடு, ஆறு ஒரு கோடு, நாட்டு எல்லையும் ஒரு கோடு. பட்டர்வொர்த் 'ஆன் த கோஸ்ட்'. அங்கிருந்து கொமூட்டர் ரயிலில் வடக்கே போனால் கடைசி நிறுத்தமான பாடாங் பெசார் 'ஆன் த பார்டர்'. எல்லைக்கு மேலே ஊர் என்று யாரும் சொல்வதில்லை. எல்லைக் கோட்டை ஒட்டிய ஊர் என்பதுதான் பொருள்.

தீவுக்கும் 'ஆன்' தான் வரும், மாநிலத்துக்கு 'இன்'. வெளியூர்க்காரர்களுக்குப் பினாங்கு என்றாலே தீவுதான் நினைவுக்கு வருகிறது. ஜார்ஜ்டவுனைத் தாண்டி யோசிக்க மாட்டார்கள். பெருநிலத்தில் இருக்கும் நமக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: 'மாக் மண்டின் இஸ் இன் பினாங், பட் நாட் ஆன் தி ஐலண்ட்'. மாநிலம் நம்மைச் சுற்றி வளைத்த எல்லைக்குள் இருப்பது, அதனால் 'இன்'. தீவு கடலில் கிடக்கும் ஒரு பரப்பு, நாம் நிற்பது அதன்மீது, அதனால் 'ஆன்'. பெருநிலமும் அப்படியே: 'ஆன் த மெயின்லண்ட்'.

முகவரி சொல்லும்போது மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். ஊருக்கு 'இன்', சாலைக்கு 'ஆன்', வீட்டு எண்ணோடு சொன்னால் 'அட்'. அடுக்குமாடியில் குடியிருந்தால் மாடிக்கு 'ஆன்': 'ஆன் த தர்ட் ஃப்ளோர்'. பிரிட்டன்காரர்கள் தெருவுக்கு 'இன் த ஸ்ட்ரீட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஆன்' என்பார்கள். இரண்டும் சரிதான், இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டிகளில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். பஸ், ரயில், பேரி, விமானம் எல்லாவற்றுக்கும் 'ஆன்'. கார், டாக்சி, வேன், லாரி எல்லாவற்றுக்கும் 'இன்'. எல்லாவற்றிலும் நாம் உள்ளேதானே உட்கார்கிறோம் என்று பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தளம் போல நடமாட இடமிருந்தால் 'ஆன்', குனிந்து புகுந்து ஒடுங்கி உட்கார வேண்டுமென்றால் 'இன்'. மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் உள்ளே என்பதே கிடையாது, ஏறி உட்கார்வதுதான், ஆகவே 'ஆன்'. 2020ஆம் ஆண்டு இறுதிவரை ஓடிய பழைய பேரிகளில் காரோடு ஏறி அக்கரைக்குப் போனவர்களுக்கு இரண்டும் ஒரே வரியில் வரும்: 'ஐ சாட் இன் மை கார் ஆன் த ஃபெர்ரி'. கார் நம்மை மூடியிருக்கிறது, பேரி காரைத் தாங்கியிருக்கிறது. எப்படி வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் 'பை பஸ்', 'பை கார்' என்று மாறிவிடும். நடந்து வந்தால் அங்கேயும் 'ஆன் ஃபுட்'.

இடத்தில் தமிழ் நமக்கு உதவவில்லை. காலத்தில் நன்றாகவே உதவுகிறது, ஏனோ யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எட்டு மணிக்கு, திங்களன்று, ஆகஸ்டில் என்று தமிழிலேயே மூன்று விதமாகச் சொல்கிறோம் அல்லவா? 'மணிக்கு' வந்தால் ஆங்கிலத்தில் 'அட்'. 'அன்று' போட முடிந்தால் 'ஆன்'. மாதத்தில், ஆண்டில் என்று 'இல்' வந்தால் 'இன்'. மலாயா விடுதலை பெற்றது 'ஆன்' 31 ஆகஸ்ட் 1957. ஆண்டை மட்டும் சொன்னால் 'இன்' 1957. ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 'ஆன்' 7 ஜூலை 2008. 'தைப்பூசத்தன்று' தண்ணீர்ப் பந்தலில் நின்றேன் என்றால் 'ஆன் தைப்பூசம்'.

நாள் உள்ளே வந்துவிட்டால் அதுதான் மேலாட்சி செய்யும். காலையில் என்பதற்கு 'இன் த மார்னிங்'. திங்கட்கிழமை காலையில் என்றால் 'ஆன் மண்டே மார்னிங்'. இரவுக்கு 'அட் நைட்', ஆனால் தைப்பூச இரவுக்கு 'ஆன் த நைட் ஆஃப் தைப்பூசம்'. போன, அடுத்த, இந்த, ஒவ்வொரு என்ற சொற்கள் கிழமைக்கு முன்னால் நின்றால் 'ஆன்' தேவையில்லை. 'லாஸ்ட் மண்டே', 'எவ்ரி சண்டே', அவ்வளவுதான். 'ஆன் டுமாரோ' என்பதும் கிடையாது.

தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம், ஹாட்யாயில் ஆங்கிலம் படிக்கும் சயாம் பிள்ளைக்கும் இதே இடத்தில்தான் வழுக்குகிறது, ஆனால் வேறு காரணத்தால். சயாம் மொழியில் கிழமைக்கு முன்னால் ஒன்றும் போடாமல் விடலாம், அல்லது 'நை' போடலாம். 'நை' என்பது 'உள்ளே' என்ற பொருள் தரும் சொல். அதனால் அங்கே 'இன் மண்டே' என்று வருகிறது. நம் பிள்ளைக்கு 'அன்று' துணை இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

இனி, தொடுவதற்குப் பொருளே இல்லாத 'ஆன்'. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் வாயில் இது நாள்தோறும் வரும்: 'ஆன் டியூட்டி', 'ஆன் லீவ்', 'ஆன் எம்சி' (மருத்துவ விடுப்பு), 'ஆன் த நைட் ஷிஃப்ட்', 'ஆன் ஸ்ட்ரைக்'. ஒருவர் ஒரு நிலையில் இறங்கி, அது முடியும்வரை அதிலேயே இருக்கிறார் என்பதுதான் இங்கே பொருள். வீடு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தால் 'ஆன் ஃபயர்'. தமிழில் 'கொண்டிரு' செய்யும் வேலையில் ஒரு பங்கை இந்த 'ஆன்' செய்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தப் பயன்பாடு இன்னும் பரவலாக இருந்தது. உயிரோடு இருப்பதைச் சொல்லும் 'அலைவ்', தூங்குவதைச் சொல்லும் 'அஸ்லீப்' ஆகியவற்றின் தலையில் இருக்கும் 'அ' தேய்ந்துபோன 'ஆன்' தான்.

மின்விசிறிக்கும் விளக்குக்கும் வரும் 'ஆன்' இந்த வகையைச் சேர்ந்தது: ஓடிக்கொண்டிருக்கும் நிலை. மலேசிய ஆங்கிலத்தில் 'ஆன் த ஃபேன்' என்று அதையே வினையாக்கிவிடுகிறோம். கடையிலும் வீட்டிலும் அது ஓடும், யாருக்கும் நட்டமில்லை. எஸ்பிஎம் தேர்வுத் தாளில் ஓடாது, அங்கே 'ஸ்விட்ச் ஆன் த ஃபேன்' என்று எழுத வேண்டும். 'அதை' என்று சுட்டினால் 'ஸ்விட்ச் ஆன் இட்' அல்ல, 'ஸ்விட்ச் இட் ஆன்'. இதில் பிள்ளைக்கு ஒரு பிடி கொடுக்கலாம்: 'அதை ஆன் பண்ணு' என்கிறோம், 'அதை' முன்னால், 'ஆன்' பின்னால். ஆங்கிலத்திலும் 'இட்' முன்னால், 'ஆன்' பின்னால்.

'ஆன் டைம்', 'இன் டைம்' இரண்டையும் பலர் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். எட்டு மணி ரயில் எட்டு மணிக்கே கிளம்பினால் ரயில் 'ஆன் டைம்'. நீங்கள் 7.50க்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நீங்கள் 'இன் டைம்', அதாவது காரியம் கெடுவதற்குள். அதே போல, வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு 'ஆன் த வே'. 'இன் த வே' என்றால் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று பொருளாகிவிடும். மேலாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது கவனம் தேவை.

கடைசியாக மனம் சார்ந்த 'மேல்'. தமிழர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் வேர் ஆழமாக ஓடியது. தமிழில் கோபம், பொறாமை, நம்பிக்கை, சந்தேகம், பாசம் எல்லாம் ஒருவர்மேல்தான் வருகின்றன. அதை அப்படியே தூக்கி வைத்தால் 'ஆங்ரி ஆன் மீ' என்றாகிறது. ஆங்கிலத்தில் கோபத்துக்கு 'வித்', பொறாமைக்கு 'ஆஃப்', நம்பிக்கைக்கு 'இன்', பாசத்துக்கு 'ஃபார்'. இதற்கெல்லாம் பொது விதி சொல்ல முடியாது. சொல்லையும் அதன் துணையையும் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி, வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சில உணர்வுகளில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடக்கின்றன. என்மேல் இரக்கம் காட்டு என்பதற்கு 'டேக் பிட்டி ஆன் மீ'. பழியை என்மேல் போட்டான் என்பதற்கு 'ஹீ புட் த பிளேம் ஆன் மீ'. இங்கேயெல்லாம் பாரம் ஒன்று நம்மீது வந்து இறங்குகிறது. நம்பிச் சார்ந்திருப்பதற்கும் பாரத்தின் கணக்குதான்: 'டிபெண்ட் ஆன்', 'ரிலை ஆன்'. தமிழில் 'மழையைப் பொறுத்தது' என்று 'ஐ' வந்துவிடுவதால் நமக்கு இங்கே 'மேல்' கைகொடுப்பதில்லை. மலாயில் 'பெர்கந்துங் கெப்பாடா' என்று பழகிய பிள்ளைக்கு 'டிபெண்ட் டு' நாக்கில் வருகிறது. சயாம் பிள்ளைக்கு அங்கே 'கப்', அதாவது 'உடன்', வருவதால் 'டிபெண்ட் வித்' வருகிறது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு வழியாகத்தான் தவறுகிறார்கள்.

பணம் செலவழிப்பதும் இதே கணக்கில் சேரும்: 'ஸ்பெண்ட் மணி ஆன் புக்ஸ்'. மாமாக் கடையில் நாலு பேர் தே தாரிக் குடித்து முடித்தபின் ஒருவர் எழுந்து 'நான் பெலஞ்சா' என்று சொன்னால், அதை ஆங்கிலத்தில் 'இட்ஸ் ஆன் மீ' என்று சொல்லலாம். பில்லின் பாரம் அவர்மேல் இறங்கிவிட்டது.