உணவுக்குழாயில் எண்ணெய்ச் சுரப்பிகள்

தோலில் இருக்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் (செபேசியஸ் சுரப்பிகள்) உணவுக்குழாயின் உட்சுவரில் காணப்படுவது ஓர் அரிய நிலை. இது புற்றுநோய் அன்று. நோய் என்று சொல்வதற்கே இடம் குறைவு. நெஞ்செரிச்சலுக்கோ வயிற்று வலிக்கோ எண்டோஸ்கோப்பி செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் படுகிறது.

மயிலாப்பூரிலோ தி. நகரிலோ இன்று எண்டோஸ்கோப்பி என்பது வெறும் வயிற்றுடன் காலையில் போய் அன்றே வீடு திரும்பும் பரிசோதனை. அறிக்கை உடனே கிடைத்துவிடும். ஆனால் "சிறு புடைப்புகள், பயாப்சி எடுக்கப்பட்டது" என்று அதில் ஒரு வரி இருந்தால், திசு ஆய்வு முடிவு வரும் வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இராது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையை வைத்து, 'அடையாறு' என்ற ஊர்ப்பெயரையே நோயின் பெயர்போலத் தாழ்ந்த குரலில் சொல்பவர்கள் நாம்!

இந்தச் சுரப்பிகள் மஞ்சள் நிறப் புள்ளிகளாகத் தெரியும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஒன்றிரண்டாகவும் இருக்கலாம், பத்திருபதாகச் சிதறியும் கிடக்கலாம். சிலவற்றின் நடுவே, சுரப்பியின் நாளம் திறக்கும் இடத்தில், ஒரு வெண்புள்ளி இருக்கும். இதே போன்ற புள்ளிகளை உதட்டின் உட்புறத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் பலர் கண்ணாடியில் பார்க்கலாம். அவற்றுக்கு ஃபோர்டைஸ் புள்ளிகள் என்று பெயர். 1896இல் அவற்றை விவரித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜான் அடிசன் ஃபோர்டைஸின் பெயரால் வந்தது.

வாயில் இவை இருப்பதில் வியப்பில்லை. உயிரியல் படிக்கும் மாணவர்களுக்குத் தெரியும்: கருவின் புறப்படையிலிருந்து தோல் உருவாகிறது, உதடும் வாயின் முன்பகுதியும் அதே படையைச் சேர்ந்தவை. உணவுக்குழாயின் உள்ளுறையோ அகப்படையிலிருந்து வருவது. அகப்படையில் தோலின் சுரப்பி எப்படி முளைத்தது?

இரண்டு விளக்கங்கள் உண்டு. கரு வளரும்போதே சில செல்கள் இடம் மாறிவிட்டன என்பது ஒன்று. பிற்காலத்தில் உணவுக்குழாயின் செல்களே உருமாறிச் சுரப்பியாயின என்பது மற்றொன்று. இதை 'மெட்டாபிளாசியா' என்பர். பெரும்பாலும் நடுவயதிலும் அதற்குப் பிறகும் கண்டறியப்படுவதால், இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தோலில் இச்சுரப்பிகள் பெரும்பாலும் மயிர்க்காலோடு ஒட்டியிருக்கும். உணவுக்குழாயில் மயிர்க்கால் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு அரிது? 1962இல் டி லா பாவா, பிக்ரென் என்ற இரு ஆய்வாளர்கள் பிரேதப் பரிசோதனையில் 200 உணவுக்குழாய்களை ஆராய்ந்து, 4இல் இவற்றைக் கண்டனர். அதாவது 100க்கு 2. எண்டோஸ்கோப்பியில் அகப்படுவது இதைவிட மிகக் குறைவு. எனவே இருந்தும் பார்வைக்குத் தப்புபவை பல என்று கொள்ளலாம்.

பார்வையை மட்டும் வைத்து உறுதி செய்வது கடினம். கொழுப்பு நிறைந்த செல்கள் திரண்ட சாந்தோமா, பூஞ்சைத் தொற்று, வேறு சிறு கட்டிகள் ஆகியனவும் ஏறக்குறைய இப்படித் தோன்றலாம். அதனால்தான் பயாப்சி. அது சந்தேகத்தின் அடையாளம் என்பதைவிட, பெயர் வைப்பதற்கான வழி எனலாம். நுண்ணோக்கியில் தட்டை எபிதீலியத்தின் அடியில், கொழுப்பு நிறைந்து நுரைபோல் வெளுத்த செல்களின் கொத்துகள் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது.

உணவுக்குழாய்க்கு இயல்பாகவே சளி சுரக்கும் சுரப்பிகள் உண்டு. மிக அரிதாக அவற்றின் நாளத்திலிருந்து 'அடினோமா' என்ற கட்டி வளரும். அது வேறு, அதை அகற்றி ஆராய்வது வழக்கம். அமிலத்தால் உள்ளுறை மாறும் 'பாரெட்' நிலையும் வேறு. அதற்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும்.

எண்ணெய்ச் சுரப்பிகளுக்குச் சிகிச்சை தேவையில்லை. இவற்றுக்காக மட்டும் மீண்டும் மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டியதும் இல்லை. நெஞ்செரிச்சல் மாத்திரை எரிச்சலைத் தணிக்கும், புள்ளிகளை மறைக்காது. ஆனால் விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்த வாந்தி இருந்தால் பழியை இந்தச் சுரப்பிகள் மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. அவற்றுக்கு வேறு காரணம் இருக்கும். மருத்துவர் அதைத் தேட வேண்டும். பயாப்சி அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தால், பிறகு வேறொரு மருத்துவர் அதே புள்ளிகளைப் பார்க்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.