மார்கழியில் மூன்று நாள் தனிமை

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட கணவரை இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்துவரும் அம்மையார் ஒருவர், சென்ற மார்கழியில் எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் தயங்கியபடியே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு நாள் எங்க ஊருல போய்த் தனியா இருந்துட்டு வரட்டுமா? தப்பில்லையே?"

தவறில்லை என்றோம். பராமரிப்பவருக்கு வேண்டிய ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தொடர்ந்து உறக்கம் கெடுவது, நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு வலிப்பது, தம் மாத்திரைகளைத் தாமே மறப்பது, காரணமின்றிச் சினம் வருவது ஆகியவை உடல் நமக்குச் சொல்லும் எச்சரிக்கைகள்.

தனிமையை நாடிச் செல்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. காளவாசலிலிருந்து தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வழியாகச் சென்றால் கீழக்குயில்குடி சமணர் மலையை அடையலாம். அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் உள்ளன. மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காணலாம். நகரின் அருகிலேயே, ஆயினும் அதன் இரைச்சலுக்கு எட்டாமல், துறவியர் இங்கு வாழ்ந்தனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாய்களில் நீர் நிற்கும் மார்கழியும் தையும் மதுரைச் சமவெளியில் மிக இதமான காலம்.

புறப்படுமுன்

பொறுப்பை ஏற்பவரிடம் வாய்மொழியாகச் சொல்வது போதாது. மருந்து வேளை, உணவு, படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நிமிர்த்தி உட்காரவைத்தே உணவு ஊட்டுவது என அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நீங்கள் அருகிலிருக்கும்போதே அவர் ஒருநாள் முழுவதும் அவற்றைச் செய்து பார்க்கட்டும்.

நோயாளிகளே தனியே செல்ல விரும்பினால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், வலிப்பு வருபவர்களும், சர்க்கரை அளவு திடீரெனக் குறையும் இயல்புடையவர்களும் துணையின்றிச் செல்ல வேண்டாம்.

சென்ற இடத்தில்

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். இதய நோயாளிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வெயில் ஏறிய பின்னரே நடக்கச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வரப்பில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவும், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.

புதர்களில் உள்ள நுண்ணிய பூச்சி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வருவதுண்டு. தமிழகத்தில் மழையை ஒட்டிய குளிர்காலத்தில் இது அதிகம். ஊர் திரும்பிய சில நாட்களில் காய்ச்சல் வந்தால், சென்று வந்த இடத்தை மருத்துவரிடம் கூறுங்கள். உடலில் கருகிய பொருக்குப் போன்ற புண் இருந்தால் மறைக்காதீர்கள். காலத்தே கண்டறிந்தால் எளிதில் குணமாகும்.

அவசரத்துக்கு 108 எண்ணை அழையுங்கள். விரும்பி ஏற்ற தனிமை மனத்தை ஆற்றும். ஆனால் அழுகையும் உறக்கமின்மையும் வெறுமையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது ஓய்வினால் மட்டும் தீராது. எங்களிடம் வாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் பேசுங்கள்.

அந்த அம்மையார் சென்று வந்தார். முதல் இரவு தம்மால் உறங்கவே முடியவில்லை என்றார். புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாத அறையில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமாகவே விழிப்பு வந்ததாம். இரண்டாம் நாள் கண்மாய்க் கரையில் வெகுநேரம் அமர்ந்திருந்தார். மூன்றாம் நாள் வெயில் முகத்தில் படும்வரை உறங்கினார்.

வீடு திரும்பியதும் நோட்டைப் பார்த்தார். அதில் நாத்தனார் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மதியம் அண்ணன் தானே கரண்டி பிடித்து நாலு வாய் சாப்பிட்டார்.' இரண்டு ஆண்டுகளாகத் தாமே ஊட்டிவந்த அம்மையாருக்கு, கணவரின் கை அந்த அளவுக்குத் தேறியிருந்தது அதுவரை தெரியாது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நோயாளியின் நலத்தைக் கூறிய பின் உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் எங்களிடம் கூறுங்கள். நாங்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.