பாரம் குறையலாம், கவனம் குறையலாமா?

ஏற்றத்தில் எண்ணுவது ஒன்று, இறக்கத்தில் எண்ணுவது வேறொன்று. மலைநாட்டில் துவிச்சக்கர வண்டி மிதிப்போர் யாவரும் இவ்வுண்மையை அறிவர். ஹட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என வளைந்து செல்லும் அப்பாதையிலே சமதரை என்பது தேடிக் காண வேண்டிய பொருளாகும். தோட்டங்களுக்குள் செல்லும் கல்வீதிகளைப் பற்றியோ கூற வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்ட நாளில், மூலையிலே துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. அன்று தேவைக்காக மிதிக்கத் தொடங்கிய இளைஞர் சிலர் இன்று விருப்பத்தோடு மிதிக்கின்றனர். அத்தகையோரில் ஒருவன் எம்மிடம் பயிலும் மாணவன். ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் தாயின் மகன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, கடதாசியிற் சுற்றிய பொதியொன்றுடன் அவன் எம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“சேர், இதைத் தூக்கிப் பாருங்கள்” என்றான்.

தூக்கினோம், வியந்தோம். கரிய நிறத்தில் ஒரு முன்கவை. முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் அவ்வுறுப்பைக் கடைக்காரர் ‘போக்’ என்பர். காபன் நாரினாற் செய்யப்பட்ட அது ஒரு கிலோகூட இல்லை. அவனுடைய மலை வண்டியில் இருந்ததோ சுருள்வில் பொருத்திய அதிர்வுதாங்கிக் கவை. இரண்டரைக் கிலோவுக்குச் சற்றே குறைவானது. “இதை மாற்றினால் ஒன்றரைக் கிலோ மீதியாகும். ஏற்றத்தில் எவ்வளவு சுகம்!” என்றான் மாணவன். சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், பிறர் பாவித்த கவையை அவன் வாங்கியிருந்தான்.

அவன் எண்ணத்திற் பிழையில்லை. மலை வண்டி பிறந்தபோது அதற்கு அதிர்வுதாங்கியே கிடையாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, மரின் பகுதியில் ‘ரீபாக்’ எனப்பட்ட செங்குத்தான மண்பாதையில் 1976ஆம் ஆண்டு தொடங்கி இளைஞர்கள் இறக்கப் போட்டி நடத்தினர். ஒருமுறை இறங்கி முடிவதற்குள் பின்சக்கரப் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே பாதைக்கு அப்பெயர் வந்தது. அவ்வண்டிகள் யாவும் அசையாக் கவை பூண்டவையே. 1989 அளவிலேதான் ‘ரொக்ஷொக்ஸ்’ நிறுவனத்தின் அதிர்வுதாங்கிக் கவை சந்தைக்கு வந்தது. அதிர்வுதாங்கி கரடுமுரடான இறக்கத்தில் கைக்கு இதமளிக்கும். ஏற்றத்திலோ மிதிக்கும் வலுவின் ஒரு பகுதியை விழுங்கி, தானும் பாரமாக இருக்கும்.

இனிக் காபனின் சிறப்பைப் பார்ப்போம். தலைமயிரினும் நுண்ணிய கரிநார்களைப் பிசினிலே தோய்த்து, படைபடையாக அடுக்கி, அச்சிலிட்டுச் சூடேற்றி இறுகச் செய்வர். எடைக்கு எடை பார்த்தால் அதன் வலிமைக்கு உருக்கும் நிகரன்று. இராமேசுவரம் தந்த அறிஞர் அப்துல் கலாம் அவர்கள், ஏவுகணைப் பணியிற் பயன்பட்ட இத்தகைய இலேசான பொருளைக்கொண்டு, போலியோவினாற் கால் நலிந்த சிறுவர்க்கு ஊன்றுகருவி செய்வித்ததை மாணவர்கள் கேட்டிருப்பர். மூன்று கிலோ பாரமுள்ள இரும்புக் கருவியை இழுத்து நடந்த குழந்தைகள், 300 கிராம் கருவியுடன் ஓடி விளையாடினராம். பாரம் குறைவதன் பெருமை அதனால் விளங்கும்.

எனினும் காபனுக்கு ஒரு குணமுண்டு. இரும்பு உடையுமுன் பெரும்பாலும் வளையும், வளைந்து எச்சரிக்கும். காபனோ உள்ளே படை பிரிந்திருந்தாலும் வெளியே அழகாகத் தோன்றும். பின் ஒருநாள் சொல்லாமல் முறியும். முன்கவை இறக்கத்தில் முறிந்தால் விழுவது முகங்குப்புறத்தான்.

ஆகவே பொதியை வெயிலுக்குக் கொண்டுசென்று பார்த்தோம். இடக்காலின் மேற்புறத்தில் மயிரிழை போன்ற ஒரு கீறல் தெரிந்தது. நாணயத்தால் மெல்லத் தட்டினோம். ஏனைய இடங்களில் ‘கிண்’ என்று ஒலித்தது. அவ்விடத்தில் மட்டும் ஈரப்பலகையைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலித்தது. இது முடிவான சோதனையன்று என்பது உண்மையே. ஆயினும் ஐயம் தோன்றிய கவையை விலக்குவதே முறை.

“வர்ணத்தில் பட்ட கீறல்தானே சேர்?” என்றான் மாணவன். அவன் குரல் தழுதழுத்தது. பல மாதச் சேமிப்பு அல்லவா? நாம் அவனுடன் லயத்துக்குச் சென்று தாயாரிடம் விடயத்தைச் சொன்னோம். அந்த அம்மையார் கவையைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார்.

“கூடைப் பாரம் என்னான்னு எனக்குத் தெரியும் சேர். மேட்டுல ஒரு கிலோன்னாலும் கிலோதான். ஆனா தம்பி முழுசா வீடு வந்து சேரணும். இது வேணாங்க” என்றார்.

விஞ்ஞானம் கற்பிக்கும் எமக்கு அதற்குமேற் சொல்ல என்ன இருந்தது? மாணவன் அக்கவையைத் தன் கையாலேயே இரண்டாக அறுத்தான். வேறொருவர் கைக்கு அது போய்விடக் கூடாது என்பதற்காக.

எட்டு மாதம் சென்றபின் புதிய கவை வந்தது. இம்முறை வாங்குமுன்னரே அளந்தோம். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழியன்றோ? சக்கர அச்சிலிருந்து கவையின் தோள்வரை பழையதன் நீளம் 500 மில்லிமீற்றர். ஆனால் 100 மில்லிமீற்றர் அமுங்கக்கூடிய அதிர்வுதாங்கி, ஆள் ஏறி அமர்ந்தவுடன் 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை தாழும். ஆகவே 480 மில்லிமீற்றர் அளவுள்ள அசையாக் கவையே பொருந்தும். நீளம் 20 மில்லிமீற்றர் மாறினால் வண்டியின் கழுத்துக் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை மாறும். மிகக் குட்டையான கவையைப் பூட்டினால் வண்டி இறக்கத்தில் நிலைகொள்ளாது நெளியும். மிதிகட்டைகளும் கல்லில் மோதும். கழுத்துக் குழாயின் பருமன், சக்கர அச்சின் வகை, பிரேக்கின் வகை ஆகியவையும் ஒத்திருத்தல் வேண்டும். டிஸ்க் பிரேக் கவையின் ஒரு காலையே இழுப்பதால், அதற்கெனச் செய்யப்படாத கவையில் அதனைப் பூட்டலாகாது.

பூட்டும் முறையிலும் அவசரம் ஆகாது. கழுத்துக் குழாயை இருமுறை அளந்து ஒருமுறை அறுத்தோம். கரித்தூள் நுரையீரலுக்குத் தீங்காகையால் மூக்கை மூடி, அறுக்குமிடத்தை நனைத்துக்கொண்டோம். இரும்புக் குழாய்க்குள் அடிக்கும் நட்சத்திர நட்டைக் காபனுக்குள் அடித்தால் அது குழாயைக் கீறிவிடும். ஆதலின் உள்ளே விரிந்து பிடிக்கும் அடைப்பானையே இட்டோம். கைபிடிக் கவ்வியின் போல்ட்டுகளைக் கைவலுவுக்கு இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் சாவியால் தயாரிப்பாளர் குறித்த 5 நியூட்டன் மீற்றர் வரையே இறுக்கினோம். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, கழுத்தில் ஆட்டமில்லை என்று கண்ட பின்னரே பாடசாலை மைதானத்தில் ஓட்டம் பார்த்தோம்.

இப்பொழுது அவன் ஏற்றத்தில் முன்னிலும் விரைவாக வருகிறான். கல்வீதி இறக்கத்தில் கை அதிர்வது மெய், அதற்கு அகன்ற டயரிட்டுக் காற்றைச் சற்றே குறைத்துள்ளான், வேகத்தையும் குறைத்துள்ளான். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று கவையைத் துடைத்து, வெயிலிற் பார்த்து, நாணயத்தால் தட்டுகிறான். பலமாக விழுந்து அடிபட்டால் அதனைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

வண்டியின் பாரத்தை எத்தனை கிலோ வேண்டுமானாலும் குறைக்கலாம். குறைத்த பாரத்துக்கு ஈடாக நாம் கவனத்தைக் கூட்ட வேண்டும். வாசலிலே மகன் வரவை நோக்கி நிற்கும் தாய்க்கு, அவன் எவ்வளவு விரைவாக வந்தான் என்பதா பெரிது? வந்து சேர்ந்தான் என்பதல்லவா பெரிது!