விராலுக்கு ஓர் இலவங்கட்டைத் தவளை

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் கட்டையைச் செதுக்கி லூர் எனும் பொய்யிரையைத் தாங்களே செய்துகொள்வது பழைய வழக்கம். தேனிப் பக்கம் பாஸ் கிடையாது. அதைப் போலவே பதுங்கியிருந்து பாயும் விரால் உண்டு. அதற்கான பொய்யிரையையும் இங்கேயே செய்துகொள்வதுதான் சரி. விரால் காற்றைச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வரும் மீன். கண்மாயில் பாசிக்கும் இலைக்கும் நடுவே தவளைக்குக் காத்திருக்கும். அங்கே மிதக்கும் இரைதான் எடுபடும். லூர் செய்ய உலகமெங்கும் விரும்பப்படும் பால்சா மரமும், போடிக்குப் பெயர் வாங்கித் தந்த இலவமும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டுமே லேசானவை. விரல் நீள இலவங்கட்டையைத் தவளை வடிவில் செதுக்கி, வால் பக்கம் இரும்பாணித் துண்டைப் பதித்தால் மூக்கு தூக்கி மிதக்கும். தூண்டில் முள்ளின் நுனியை மேல்நோக்கி, முதுகை ஒட்டி வைத்தால் பாசியில் சிக்காது.

உயிர்த்தவளை சும்மா கிடைக்கும்போது இது எதற்கு என்பார்கள். இருபோக நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் பூச்சியைத் தின்று வயலைக் காப்பது அந்தத் தவளைதான். இலவங்கட்டை ஊறிவிடுமே என்பதும் நியாயமான கேள்வி. நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று முறை வார்னிஷ் பூசினால் தாங்கும். கடையில் வாங்கியது செடியில் அறுந்தால் காசு போச்சு. கையால் செய்தது போனால் இன்னொன்று செய்யலாம், எடையைக் கூட்டிக் குறைத்து நம் கண்மாய்க்கு ஏற்பத் திருத்தவும் செய்யலாம். ஒன்றே ஒன்று: குஞ்சுகளைக் காத்து நிற்கும் விராலின் முன்னே எந்த இரையையும் வீசக் கூடாது.