முழங்காலுக்கு இடம் கொடுங்கள்

உடலும் வாகனமும் – 11

தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, முன்னால் தள்ளி வைத்த கால்மிதி. இந்த மூன்றும் சேர்ந்த வண்டியைத்தான் குரூசர் மோட்டார் சைக்கிள் என்கிறோம். நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, அலுப்பில்லாமல் நெடுந்தூரம் போகலாம் என்ற பெயர் அதற்கு உண்டு. மாத்தளை மாவட்டத்தில் அந்தப் பெயரைச் சோதித்துப் பார்க்க இரண்டு வீதிகள் போதும். ஒன்று, மாத்தளை நகரிலிருந்து நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதி, சுமார் 45 கிலோமீற்றர். மற்றது, இறத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் உச்சிக்கு ஏறி இலுக்கும்புர பக்கம் இறங்கும் மலைவீதி. ஐந்தரை அடி உயரமானவர் இரண்டிலும் சுகமாகப் போய்வரலாம். ஆறடியைத் தாண்டியவருக்கு அதே வண்டியில், அதே வீதியில், பாதி வழியிலேயே இடுப்பு கடுக்கத் தொடங்கும், முழங்கால் விறைக்கும். உயரமாகப் பிறந்தால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். பொறுக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த வாரத்து வாதம். குறை இருப்பது வண்டியின் ஓர் அளவில். அந்த அளவை நாடாவால் அளக்கலாம், நம் ஊர்க் கடைகளிலேயே திருத்தலாம். ஆனால் வழக்கமாக நாம் முதலில் செய்யும் வேலை தவறான வேலை.

இலங்கையில் குரூசர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பஜாஜ் அவெஞ்சர். 2001இல் இந்தியாவில் கவாசாகியும் பஜாஜும் சேர்ந்து விற்பனைக்கு விட்ட எலிமினேட்டர் வண்டியின் வழித்தோன்றல் அது. 2005இல் அவெஞ்சர் என்ற பெயரில் வந்தது. 220 சீசீ அவெஞ்சர் குரூஸின் இருக்கை தரையிலிருந்து 737 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. 2020இல் வந்த ரோயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350இன் இருக்கை உயரம் 765 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் கிளாசிக் 350 குரூசர் வகையைச் சேர்ந்ததல்ல. அதன் இருக்கை 805 மில்லிமீற்றர். தாழ்ந்த இருக்கையை வைத்ததில் தவறு ஒன்றுமில்லை. நம் நாட்டு ஆண்களின் சராசரி உயரம் 165 சென்ரிமீற்றரை ஒட்டியது. பாரமான வண்டியை நிறுத்தும்போது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிவது அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் இருக்கை உயரம் என்பது வண்டி நிற்கும்போது மட்டும் பயன்படும் அளவு. ஓடும்போது கால் தரையில் இருப்பதில்லை, கால்மிதியில் இருக்கிறது. இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் ஓட்டுபவரின் சுகத்தைத் தீர்மானிக்கிறது. விற்பனைத் துண்டுப்பிரசுரங்களில் அந்த அளவு அச்சாவதில்லை.

அந்தத் தூரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உடலளவியலில் வழக்கமாகப் பயன்படும் விகிதப்படி, இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரையான நீளம் ஒருவரின் உயரத்தில் 24.5 சதவீதம், முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரை 28.5 சதவீதம். 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு இவை சுமார் 40, 47 சென்ரிமீற்றர். 185 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு சுமார் 45, 53. முதலாமவர் ஒரு குரூசரில் உட்காரும்போது அவரது முழங்கால் 110 பாகை விரிந்து சுகமாக இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அவரது இடுப்பு மூட்டுக்கும் கால்மிதிக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 72 சென்ரிமீற்றர். அதே வண்டியில் உயரமானவர் ஏறினால் தூரம் மாறாது, கால்தான் மடியும். முழங்கால் கோணம் 94 பாகைக்குச் சுருங்கிவிடும். அவருக்கும் 110 பாகை வேண்டுமென்றால் அந்தத் தூரம் 80 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக வேண்டும். பற்றாக்குறை ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். உயரமானவரின் முறைப்பாடு முழுவதும் இந்த 9 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது.

முழங்கால் அளவுக்கு மீறி மடிந்தால் வேதனை முழங்காலோடு நிற்பதில்லை. தொடை மேலே எழும்பி இருக்கையை விட்டு விலகும். தொடை தாங்க வேண்டிய பாரமும் சேர்ந்து பிட்டத்து எலும்புகளின் மேல் விழும். கூடவே இடுப்பெலும்பு பின்பக்கம் சரியும். கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும். பள்ளத்தில் சில்லு இறங்கும்போது அந்த அடி நேராக முள்ளந்தண்டில் ஏறும். வலி உட்காரும் இடத்தில் தெரிவதால் இருக்கை கடினமாக இருக்கிறது என்று நினைத்து, மெத்தென்ற ஸ்பொஞ் போட்டுத் தரச் சொல்கிறார்கள். முதலில் செய்யும் தவறான வேலை என்றேனே, அது இதுதான். மெத்தென்ற ஸ்பொஞ் பாரம் ஏறியதும் அமுங்குகிறது. அமுங்கினால் இடுப்பு கீழே இறங்கும், கால்மிதிக்கான தூரம் இன்னும் குறையும், முழங்கால் இன்னும் மடியும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருந்த இருக்கை நாலந்தாவைத் தாண்டுவதற்குள் முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும். வேண்டியது மென்மையன்று, உயரம்; அதுவும் அமுங்காத உயரம்.

ஆகவே முதல் திருத்தம் இருக்கையில்தான், ஆனால் வேறு விதத்தில். குஷன் வேலை செய்யும் கடைக்காரர் ரெக்சினைக் கழற்றி, பழைய ஸ்பொஞ்சின் மேல் அடர்த்தியான ஸ்பொஞ்சை ஒட்டி, அதன் மேல் மெல்லிய மிருதுவான ஒரு படையை வைத்தால், 4 சென்ரிமீற்றர் உயரம் நிலையாகக் கிடைக்கும். குரூசர் இருக்கையில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒரு திண்டு எழும்பியிருக்கும். அதுதான் அவரைப் பின்னால் நகரவிடாமல் தடுக்கிறது. அந்தத் திண்டைச் செதுக்கி 4 சென்ரிமீற்றர் பின்னால் தள்ள வேண்டும். எரிபொருள் தொட்டியை ஒட்டிய முன்பகுதியை மட்டும் ஒடுக்கமாக விட வேண்டும். அகலமாக விட்டால் தொடை விரிந்து, காலைத் தரையில் ஊன்றும்போது எட்டாது. ரெக்சினின் தையல் உட்காரும் பரப்பின் நடுவில் வரக்கூடாது. ரிவர்ஸ்டன் பக்கத்து மழையில் தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஸ்பொஞ் நாட்கணக்கில் காயாது, சீக்கிரமே இற்றுப்போகும். தையலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், ரெக்சினுக்கு அடியில் ஒரு பொலித்தீன் விரிப்பையும் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இருக்கை 4 சென்ரிமீற்றர் உயர்ந்து 4 சென்ரிமீற்றர் பின்னால் போனால், நம் கணக்கில் ஐந்தரை சென்ரிமீற்றர் கிடைத்துவிடுகிறது. எஞ்சியதில் சுமார் மூன்றைக் கால்மிதியை 4 சென்ரிமீற்றர் முன்னால் நகர்த்திப் பெறலாம். இங்கே கவனம் கூட வேண்டும். கால்மிதி நகர்ந்தால் கியர் லீவரும் பின் பிரேக் மிதியும் அதோடு நகர வேண்டும். அவற்றை இணைக்கும் கம்பிகளின் நீளமும் மாற வேண்டும். அந்த வண்டிக்கென்றே செய்த, போல்ட் முறுக்கிப் பொருத்தும் துண்டு கிடைத்தால் மட்டும் இதைச் செய்யலாம். வண்டியின் சட்டகத்தில் வெல்டிங் வைத்துச் செய்வது வேண்டாம். அதிர்விலும் ஆளின் பாரத்திலும் அந்த ஒட்டு விட்டுப்போனால் மலைவீதியில் கால் வைக்க இடமிருக்காது. கைப்பிடி கடைசி வேலை. உயரமானவருக்குக் கையும் நீளமாதலால் பலருக்கு அதை மாற்றவே தேவைப்படாது. தோள் குனிகிறது என்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தும் துண்டு வைத்தால் போதும். வைத்த பிறகு ஒரு சோதனை கட்டாயம்: வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் முழுதாகத் திருப்ப வேண்டும். எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் எக்ஸலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். முன் பிரேக்கின் ஓயில் குழாயையும் அதே நிலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். விறைத்திருந்தால் நீளமான குழாய் போடும்வரை வண்டி வீதிக்கு வரக்கூடாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை சில உண்டு. இருக்கையை உயர்த்தினால் குரூசரின் சிறப்பே போய்விடுமே, கால் எட்டாதே என்பது ஒன்று. 737உடன் 40ஐக் கூட்டினால் 777 மில்லிமீற்றர். கிளாசிக் 350ஐவிட அப்போதும் தாழ்வுதான். ஆறடிக்காரருக்குப் பாதம் முழுதாகவே பதியும். கால்மிதியைக் கீழே இறக்கிவிட்டால் இருக்கையைத் தொடவே வேண்டாமே என்பது இன்னொன்று. குரூசர் ஏற்கெனவே தாழ்ந்த வண்டி. ரிவர்ஸ்டன் வளைவுகளில் சாய்க்கும்போது முதலில் தரையில் உரசுவது கால்மிதிதான், அதை இன்னும் இறக்குவது ஆபத்தை அழைப்பது. பின் ஷொக் அப்சோபரை நீளமானதாக மாற்றினால் ஒரே நாளில் வேலை முடியும் என்பாரும் உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் முன்சில்லின் சாய்வுக் கோணம் மாறும், நேரே ஓடும் உறுதி குறையும். அது உட்காரும் வசதியோடு விளையாடுவதாகாது, வண்டியின் போக்கோடு விளையாடுவதாகும். இருக்கும் ஷொக்கின் இறுக்கத்தை ஒன்றிரண்டு படி கூட்டுவது வேறு. மீட்டியோரில் அதற்கு ஆறு படிகள் உண்டு, பாரம் கூடியவர் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இவற்றைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. கால்மிதி முன்னால் போகப் போக, பள்ளத்தில் காலை ஊன்றி இடுப்பைத் தூக்க முடியாமல் போகிறது. அடி முழுவதும் முதுகுக்கே. இது உண்மை. அதனால்தான் பற்றாக்குறை முழுவதையும் கால்மிதியில் தேடாமல், பெரும்பங்கை இருக்கையில் எடுத்து, கால்மிதிக்கு 4 சென்ரிமீற்றரோடு எல்லை வைக்கிறேன். இலுக்கும்புர பக்கத்துக் கரடு வழியில்தான் அதிகம் ஓட்டுபவர் கால்மிதியைத் தொடாமல் இருக்கையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 9இல் ஐந்தரை கிடைப்பதே அவருக்குப் பெரிய மாற்றம். பின்னால் உட்காருபவரின் இடம் குறையுமே என்ற கவலையும் நியாயமானது. திண்டைப் பின்னால் தள்ளும்போது அதன் தடிப்பைக் குறைத்தால் அவர் இழப்பது மிகச் சிறிது. மனைவியையோ பிள்ளையையோ தினமும் ஏற்றிச் செல்பவர், வேலை முடிவதற்கு முன் அவர்களையும் கடையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கைப்பிடி, கால்மிதி போன்றவற்றைத் தொடுமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பழைய உறுப்புகளை எறியாமல் வைத்திருங்கள்.

உயரமானவர் உயரமான வண்டியை வாங்கட்டுமே என்று கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மவர்கள் கையிலிருந்த வண்டியையோ கைமாறி வந்த வண்டியையோதான் ஓட்டினார்கள். இன்றும் பெரும்பாலானோர் ஓட்டுவது அவற்றைத்தான். தேர்ந்தெடுத்து வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லாத நாட்டில், இருக்கும் வண்டியை உடம்புக்குப் பொருத்துவது ஆடம்பரமாகாது. இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. கால் மடிந்து முழங்கால் மேலே நிற்கும்போது, கொண்டை ஊசி வளைவில் கைப்பிடியை முழுதாகத் திருப்பினால் அதன் முனை முழங்காலில் முட்டும். மெதுவாக ஏறும் பாரமான வண்டியைச் சரித்துவிட அந்த ஒரு கணம் போதும். மரத்துப்போன காலால் பின் பிரேக்கை அளவோடு மிதிக்கவும் முடியாது.

பொறுப்பு முழுவதையும் வாங்குபவரின் தலையில் சுமத்துவதும் சரியல்ல. 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்தபோது, கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் பத்து அளவுகளைத் தெரிந்தெடுத்து, பத்திலும் சராசரிக்குள் வருபவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்கென்று செய்த விமானி அறை, உண்மையில் எவருக்குமே சரியாகப் பொருந்தாத அறை என்று அது காட்டியது. அதற்குப் பிறகு, ஆளுக்கேற்ப மாற்றக்கூடிய இருக்கையும் மிதியும் அங்கே வலியுறுத்தப்பட்டன. மோட்டார் சைக்கிளிலும் இது முடியாத காரியமல்ல. 2023இல் வந்த ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450இல் இருக்கையை 825 மில்லிமீற்றரிலும் வைக்கலாம், 845இலும் வைக்கலாம். மலையேறும் வண்டிக்குச் செய்ததைக் குரூசருக்கும் செய்யலாம். இரண்டு அளவு இருக்கைகள், நகர்த்தக்கூடிய கால்மிதி, துண்டுப்பிரசுரத்தில் இருக்கைக்கும் கால்மிதிக்குமான தூரம் ஆகிய மூன்றையும் விற்பவர்களிடம் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்கிறது. அவர்கள் தரும்வரை அளவு நாடாவை நாமே எடுப்போம்: முழங்கால் கோணத்தைப் பார்த்து, இருக்கையை முதலில், கால்மிதியை அடுத்து, கைப்பிடியைக் கடைசியில் திருத்துவோம். அளவெடுக்காமல் தைத்த சட்டையை நாம் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். உயிரைச் சுமந்து மலையேறும் வண்டிக்கு அந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

(அடுத்த வாரம்: உயரம் குறைந்த பெண்களும் ஸ்கூட்டர் இருக்கையும்)