பபுள் டீ: 200 ரூபாய் கப்பில் தேயிலை விவசாயிக்கு எவ்வளவு?

தெருமுனைக் கடையில் ஒரு டீ 15 ரூபாய். அதே தெருவில் உள்ள மாலில் ஒரு பபுள் டீ 200 ரூபாய். ஆபீஸ் முடிந்து நண்பர்களோடு போய், தடிமனான ஸ்ட்ராவைக் கப்பில் குத்தி, அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகளை உறிஞ்சி மெல்லுவது இப்போது சென்னை, கோவை, பெங்களூரு இளைஞர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த உருண்டை மரவள்ளிக் கிழங்கு மாவு. அந்த மாவுக்குப் பெயர் போனது நம்ம சேலம். மேலே இருப்பது டீ. அதற்குப் பெயர் போனது நம்ம நீலகிரி. ஆனால், பானம் வந்தது தைவானில் இருந்து. அப்படியானால் இந்த 200 ரூபாயில் மலையில் இலை பறிப்பவர்களுக்கு என்ன போய்ச் சேருகிறது?

பபுள் டீ எங்கே பிறந்தது?

1980-களில், தைவானில். அதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று இரண்டு கடைகள் சொல்கின்றன. ஒன்று தைச்சுங் நகரின் சுன் ஷுய் டாங். இன்னொன்று தைனான் நகரின் ஹான்லின். இரண்டும் சுமார் பத்து ஆண்டுகள் கோர்ட்டில் மோதின. 2019-ல் தீர்ப்பு வந்தது: இது யார் வேண்டுமானாலும் போடக்கூடிய பானம், முதலில் போட்டது யார் என்று முடிவு செய்யத் தேவையில்லை. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

இன்னொரு தகவல். 'பபுள்' என்ற பெயர் அடியில் கிடக்கும் உருண்டையைக் குறிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், டீயை ஐஸோடு சேர்த்து வேகமாகக் குலுக்கும்போது மேலே எழும்பும் நுரைதான் அந்தப் பெயருக்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. உருண்டைக்குப் பெயர் 'போபா'.

போபாவும் ஜவ்வரிசியும் ஒன்றா?

சொந்தக்காரர்கள், ஆனால் ஒன்று அல்ல. இரண்டுமே மரவள்ளி மாவு. ஜவ்வரிசிக்கு ஈர மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கி, குருணையாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் காயவைப்பார்கள். போபாவுக்கு மாவில் கொதிநீரும் பழுப்புச் சர்க்கரையும் விட்டுப் பிசைந்து, பெரிய உருண்டையாக்கி, அரை மணி நேரம் வரை வேகவைத்துப் பாகில் ஊறவைப்பார்கள். அதனால்தான் ஜவ்வரிசி பாயசத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது, போபா பல்லுக்கு வேலை கொடுக்கிறது.

வேகவைத்த போபா சில மணி நேரத்தில் இறுகிவிடும். நல்ல கடைகள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக வேகவைக்கும். விலையில் ஒரு பகுதி இதற்கும் போகிறது. வாயில் போட்டதும் 'டப்' என்று வெடிக்கும் பழ உருண்டைகள் வேறு வகை. அவை கடற்பாசியில் இருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் கால்சியமும் சேர்ந்து உருவாக்கும் மெல்லிய தோலுக்குள் அடைத்த பழச்சாறு.

சேலத்தில் இந்தத் தொழில் 1940-களில், உலகப் போரால் இறக்குமதி நின்றபோது வேர்விட்டது. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

டீ எங்கிருந்து வருகிறது?

நீலகிரியில் பெரிய எஸ்டேட்டுகள் ஒரு பக்கம், ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர் இன்னொரு பக்கம். முதுமலையை ஒட்டியுள்ள கூடலூர் வட்டத்து ஸ்ரீமதுரை போன்ற ஊர்ப்பக்கம் போனால் தேயிலை, காபி, மிளகு, நெல் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 1964-ம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து திரும்பிய தமிழர்கள் பலருக்கு வாழ்வு கொடுத்ததும் இந்த மலைதான். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் பின்னால் 'டான்டீ' ஆனது.

சிறு விவசாயியால் இலையைத் தூளாக்க முடியாது. பறித்த அன்றே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். தனியார் ஃபேக்டரி அல்லது 'இன்ட்கோசர்வ்' கூட்டுறவு ஃபேக்டரி. அங்கிருந்து குன்னூர் ஏல மையம், பிறகு பாக்கெட் கம்பெனி, கடைசியில் கடை. ஏலத்தில் தூள் விலை இறங்கினால், அடி முதலில் விழுவது பச்சை இலை விலையில்.

அந்தக் கணக்கு என்ன?

போட்டுப் பார்ப்போம்.

• ஒரு கப்புக்கு 8 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம்.
• ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அப்படியென்றால் ஒரு கப்புக்கு 36 கிராம் இலை.
• பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்றால், விவசாயிக்கு 72 காசு.

200 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த 72 காசிலும் பறிப்புக் கூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் போக வேண்டும்.

மீதி முழுக்கக் கடைக்காரர் பாக்கெட்டுக்குப் போகிறதா? அதுவும் இல்லை. பால், சிரப், போபா, கப், மால் வாடகை, ஊழியர் சம்பளம், ஜிஎஸ்டி, டெலிவரி ஆப் கமிஷன் எல்லாம் அதில்தான். ஆனால், இந்தப் பட்டியலில் மிக மலிவான பொருள் டீதான் என்பது முக்கியம்.

2023 செப்டம்பரில் நீலகிரி சிறு விவசாயிகள் பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோவுக்குக் குறைந்தது 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்பது கோரிக்கை. அதை அப்படியே கொடுத்தாலும் நம் கப்பில் கூடுவது சுமார் 50 காசு. குடிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பறிப்பவர் வீட்டில் அது ஸ்கூல் ஃபீஸ்.

பபுள் டீயால் நீலகிரிக்கு லாபம் உண்டா?

வாய்ப்பு இருக்கிறது. நீலகிரி டீக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பல ஊர் டீ டிகாக்‌ஷன் ஆறியதும் கலங்கிப் பால்போல் ஆகிவிடும். நல்ல நீலகிரி டீ குளிர்ந்த பிறகும் தெளிவாகவே நிற்கும். அதனால்தான் ஐஸ் டீ போடுபவர்கள் இதை விரும்புகிறார்கள். பால் சேர்க்காத பழ வகைப் பபுள் டீக்கு இது பொருத்தம்.

ஆனால், பால் சேர்த்த, சிரப் தூக்கலான கப்பில் எந்த ஊர் டீ என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே விலை குறைந்த தூளே போதும். எந்த டீ என்று கடை பலகையில் எழுதாதவரை, நல்ல இலைக்கு நல்ல விலை கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. காபி கடைகளில் சிக்கமகளூரு, ஏற்காடு என்று ஊர்ப் பெயர் வந்தபிறகுதான் அந்த ஊர்க் காபிக்குத் தனி மவுசு வந்தது. டீக்கு அது இன்னும் நடக்கவில்லை.

உடம்புக்கு எப்படி?

கவனிக்க வேண்டியது சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழு இனிப்பில் ஒரு பெரிய கப் பபுள் டீ 30 கிராமைத் தாண்டுவது சாதாரணம். சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 30 முதல், கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் சர்க்கரை அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் முறை வந்தது; சி, டி தரத்துக்குக் குறியீடு கட்டாயம்.

இங்கே அப்படி இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 'இனிப்பு கால்வாசி போதும்' என்றால் பெரும்பாலான கடைகளில் போட்டுத் தருவார்கள். ஆனால் போபா ஊறிய பாகு தனிக் கணக்கு. சின்னக் குழந்தைகளுக்கு உருண்டை தொண்டையில் சிக்கலாம், கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த முறை இனிப்பு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று கவுன்டரில் கேட்கும்போது, நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது எந்த ஊர் டீ?' நாலு பேர் கேட்டால் கடைக்காரர் சப்ளையரிடம் கேட்பார். ஊர்ப் பெயர் பலகைக்கு வருவது அப்படித்தான்.